நம் வீட்டுக் கடல்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி



அரக்கோணத்தில் கடல் இல்லை. சென்னை செல்லும் மின்சார ரயிலில் ஏறி ஏறத்தாழ 70 கிலோமீட்டர் பயணம் செய்தால்தான் கடற்காற்று முகத்தில் படும். ஆயினும் 1992-ஆம் ஆண்டு முதல் நம் ஊரில் கடற்படையின் ‘ராஜாளி’ விமானத் தளம் இருக்கிறது. “கடலே இல்லாத ஊரில் கடற்படை இருக்கிறதே, நம் வீட்டுக் கூடத்தில் ஒரு சிறு கடல் இருக்கக் கூடாதா அப்பா?” என்று சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் கேட்டேன். அப்பா சிரித்தார். அப்பா சிரித்தால் பாதி சம்மதம் என்று பொருள்.

சிறு வயதில் மறைக்கல்வி வகுப்பில் நோவாவின் பேழையைப் பற்றிக் கேட்டபோது, “சிங்கமும் ஆடும் பேழைக்குள் சண்டை போடவில்லையா சிஸ்டர்?” என்று நான் கேட்டு வகுப்பே சிரித்தது. இன்று அந்தக் கேள்வி எனக்குச் சிரிப்பாகத் தோன்றவில்லை. கடல்நீர்த் தொட்டி வைப்பவர் ஒவ்வொருவரும் ஒரு சிறு நோவாதான். யாரை ஏற்றுவது, யாரை விடுவது, யாருக்குப் பக்கத்தில் யாரை வைப்பது என்பதே அங்கு முதற்பாடம். அதை நான் தவறு செய்துதான் கற்றேன்.

எங்களிடம் முன்பு தங்கமீன் வளர்த்த கண்ணாடித் தொட்டி ஒன்று சும்மா கிடந்தது. நீளம் 90 சென்டிமீட்டர். அகலமும் உயரமும் 45 சென்டிமீட்டர். கணக்குப் பார்த்தால் 182 லிட்டர் கொள்ளும். பாறைகளை அடுக்கி, மேலே கொஞ்சம் இடம் விட்டால் சுமார் 150 லிட்டர் நீர் பிடிக்கும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஆகவே நமக்கு வேண்டியது ஐந்தே கால் கிலோ உப்பு. இது சமையல் உப்பு அன்று. கால்சியம், மக்னீசியம் முதலிய தாதுக்களும் அளவோடு கலந்து மீன் கடைகளில் விற்கும் செயற்கைக் கடலுப்பு.

அடுத்தது பாறை. எனக்கு உயிருள்ள பவளம் வைக்க வேண்டும் என்று ஆசை. ஒரு கடையில், “வெளியில் சொல்லாதே பாப்பா, ஒரு துண்டு தருகிறேன்” என்று சொல்லவும் செய்தார்கள். அப்பா என் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்துவிட்டார். பிறகு வீட்டில் உட்கார வைத்து விளக்கினார். பவளம் கல் அன்று, உயிர். மிகச் சிறிய உயிரிகள் கூட்டமாக வாழ்ந்து, சுண்ணாம்பால் கூடு கட்டிக் கட்டி அந்தப் பாறையை எழுப்புகின்றன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில், பவளப்பாறைகளைக் கட்டும் பவளங்கள் 2001-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டன. கடல் குதிரையும் அவ்வாண்டே சேர்ந்தது. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம்.

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் தீவுகளைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட பவள வகைகள் வாழ்கின்றன. ஒரு காலத்தில் அவற்றை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக் காளவாயில் சுட்டார்களாம். 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறியதால் அங்கே பவளங்கள் வெளுத்துப்போயின. ஏற்கெனவே துன்பப்படும் உயிரை என் கூடத்து அழகுக்காகப் பிடுங்கி வருவது எந்த நியாயம்? அன்றே அந்த ஆசையை விட்டேன்.

அதற்குப் பதிலாக அப்பாவும் நானும் பாறை செய்தோம். சிமென்டுடன், கோழித் தீவனக் கடையில் கிடைக்கும் சிப்பித் தூளையும் கல்லுப்பையும் கலந்து உருண்டையும் வளையமுமாகப் பிடித்தோம். காய்ந்ததும் நீரில் போட்டால் உப்பு கரைந்துவிடும். அது இருந்த இடமெல்லாம் துளையாகும். பார்ப்பதற்கு அசல் கடற்பாறைதான்! ஆனால் சிமென்டின் காரம் மீனைக் கொன்றுவிடும். ஆகையால் ஏறத்தாழ இரண்டு மாதம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊற வைத்து, காரம் இறங்கியதா என்று அடிக்கடி நிறத்தாளில் சோதித்தோம்.

பாறை ஊறிக்கொண்டிருந்த அந்த ஜூன் மாதத்தில்தான் எங்கள் வீட்டில் ஒரு மாற்றம் நேர்ந்தது. ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்த மாமா திடீரெனக் காலமானார். அத்தையும் அத்தை மகளும் எங்களோடு வசிக்க வந்தார்கள். எங்களுடையது சிறிய ரயில்வே குவார்ட்டர்ஸ். இரண்டு அறை, ஒரு கூடம். என் அறையில் அவளுக்கும் ஒரு கட்டில் போடப்பட்டது. என் மேசையில் பாதி, என் அலமாரியில் இரண்டு தட்டு, என் சன்னலோரம் எல்லாம் பங்காயின. நம் பள்ளியிலேயே, என் வகுப்பிலேயே சேர்ந்தாள். எல்லாரிடமும் நான் நல்லபடியாகத்தான் பேசினேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பிடிக்கவில்லை. தந்தையை இழந்து வந்தவள் என்பதை நினைக்க வேண்டிய நேரத்தில், என் மேசையை இழந்ததையே நினைத்துக்கொண்டிருந்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஜூலையில் தொட்டியில் நீர் நிரப்பினோம். “முதலில் டாம்செல் மீன் விடுங்கள். அது எதையும் தாங்கும். அது இருந்தால் தொட்டி பழகிவிடும்” என்று கடையில் சொன்னார்கள். வெள்ளை உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை போட்ட, கட்டைவிரல் அளவே உள்ள மூன்று மீன்களை வாங்கி வந்தேன். பத்தே நாளில் இரண்டு இறந்தன.

காரணம் பிறகுதான் தெரிந்தது. மீனின் கழிவிலிருந்தும் மிச்ச இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது நஞ்சு. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும்; அதுவும் நஞ்சே. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அதனால் தீங்கு குறைவு. இந்தப் பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீனே விடாமல், ஒரு சிறு இறால் துண்டை அழுக விட்டு அந்தப் பாக்டீரியாக்களை வளர்த்திருக்கலாம். எந்த உயிரும் போயிருக்காது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் குடிகள் வந்து அமர்ந்த பின்புதான் கண்ணுக்குத் தெரியும் குடிகளை அழைக்க வேண்டும். இதுவே முதல் விதி.

பிழைத்த ஒரு டாம்செல் தொட்டி முழுவதையும் தன்னுடையதாக்கிக்கொண்டது. கண்ணாடி துடைக்கக் கை விட்டால் கையைக் கொத்த வரும். பயணச்சீட்டு இல்லாதவரைத் துரத்துவதுபோலத் துரத்துவதால் அப்பா அதற்கு ‘டி.டி.ஆர்.’ என்று பெயர் வைத்தார். வீடே சிரித்தது. நானும் அதன் வீரத்தை மெச்சினேன்.

அக்டோபரில் இரண்டு கோமாளி மீன்கள் வாங்க முடிவு செய்தேன். 2003-இல் வெளிவந்த ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தின் நாயகன் இந்த ஆரஞ்சு மீன்தான். அப்போது அத்தை மகள் மெல்லச் சொன்னாள்: “வேண்டாம். நான் தினமும் பார்க்கிறேன். இந்த டி.டி.ஆர். யாரையும் உள்ளே விடாது. முதலில் அதற்கு ஒரு வழி செய்.”

நான் சட்டென்று சொன்னேன்: “உனக்கென்ன தெரியும்? இது எங்கள் வீட்டுத் தொட்டி.”

அவள் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்ப் புத்தகத்தை விரித்துக்கொண்டாள். அடுப்படியில் இருந்த அத்தைக்கும் அது கேட்டிருக்கும்.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அப்பாவும் நானும் ரயிலேறி வில்லிவாக்கத்தில் இறங்கி, வண்ணமீன் வணிகத்துக்குப் பெயர் பெற்ற கொளத்தூருக்குப் போய் இரண்டு குட்டிக் கோமாளி மீன்களைக் கொண்டு வந்தோம். விட்ட அரை மணி நேரத்தில் டி.டி.ஆர். வேலையைத் தொடங்கிவிட்டது. இரண்டையும் பம்புக்குப் பின்னால் ஒரு மூலையில் ஒடுக்கியது. இரைக்கு வெளியே வந்தால் பாய்ந்து கடித்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில் யாரோ என் தோளைத் தொட்டு எழுப்பினார்கள். அத்தை மகள்தான். கையில் டார்ச்சு விளக்கு. “ஒன்று போய்விட்டது. மற்றதையாவது காப்பாற்று” என்றாள். ‘நான் அப்போதே சொன்னேனே’ என்று அவள் சொல்லவில்லை.

இறந்த மீன் வாலும் துடுப்பும் கிழிந்து மணலில் கிடந்தது. மற்றது பம்பு மறைவில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அன்று பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கும் சிஸ்டரிடம் அழுதுகொண்டே சொன்னேன். “அந்த டாம்செல் ஏன் அவ்வளவு கெட்ட மீன் சிஸ்டர்?” என்று கேட்டேன். சிஸ்டர் என் கண்ணீரைத் துடைத்துவிட்டுச் சொன்னார்கள்: “அது கெட்ட மீன் இல்லையம்மா. கடலில் தன் பாறையிடுக்கைக் காத்தால்தான் அதற்கு வாழ்வு. கடலில் துரத்தப்பட்ட மீன் ஓடிவிடும். உன் தொட்டியில் எங்கே ஓடும்? முதலில் வந்ததால் எல்லா இடமும் தன்னுடையது என்று அது நினைக்கிறது. தவறு அதனுடையது அன்று, சேர்த்து வைத்தவருடையது.”

‘முதலில் வந்ததால் எல்லாம் தன்னுடையது.’ சிஸ்டர் மீனைப் பற்றித்தான் சொன்னார்கள். எனக்கோ என் மேசையும் அலமாரியும் கண்முன் வந்தன. அத்தை மகளும் தன் வீட்டையும் ஊரையும் விட்டு, ஓடிப்போக வேறு இடமில்லாமல்தானே என் அறைக்கு வந்திருக்கிறாள்?

சிஸ்டரும், பின்னர் கொளத்தூரில் நாங்கள் கண்ட வயதான கடைக்காரர் ஒருவரும் சொன்ன வழிப்படி செய்தோம். டி.டி.ஆரைப் பிடித்து, காற்று பம்பு வைத்த ஒரு வாளியில் பத்து நாள் தனியே வைத்தோம். அன்றாடம் தொட்டி நீரையே கொஞ்சம் மாற்றி ஊற்றினோம். காயம்பட்ட கோமாளி அந்தப் பத்து நாளில் தேறி, இரைக்குத் துணிந்து வந்தது. பிறகு பாறைகள் அத்தனையையும் எடுத்து, இடம் மாற்றி அடுக்கினோம். அதுதான் இதில் இரகசியம். பழைய இடுக்கு இல்லாமற்போனால் பழைய உரிமையும் இல்லாமற்போகும். எல்லாரும் புதிதாகக் குடியேறியவர்களே! டி.டி.ஆரைக் கடைசியில் விட்டோம். அன்று பாறைகளை அடுக்கியவள் அத்தை மகள். “எப்படி அடுக்கலாம், நீ சொல்” என்று நான் கேட்டேன். நான்கு மாதத்தில் நான் அவளைக் கேட்ட முதல் யோசனை அதுவே.

தொட்டி முழுவதும் சாந்தமாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். டி.டி.ஆர். இப்போதும் துரத்தும். ஆனால் இடத்துக்கு இடம் மறைவு இருப்பதால் யாரும் மூலையில் ஒடுங்குவதில்லை. தொட்டியின் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் இரை போடுகிறோம். நான் ஒரு முனை, அவள் ஒரு முனை. என்றைக்காவது மறுபடியும் கடிக்கத் தொடங்கினால், பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுவது என்றும் பேசி வைத்திருக்கிறோம்.

அதன் பிறகு எந்த உயிரை வாங்குவதென்றாலும் நாங்கள் இருவரும் ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பார்த்த பிறகே வாங்குகிறோம். தொட்டி வைக்க விரும்பும் தோழியருக்காக அதிலிருந்து சில:

முதலாவது, வாயைப் பார். சிங்கமீன் இறக்கை விரித்தாற்போல் அழகாக மிதக்கும். ஆனால் தன் வாயில் நுழையும் மீன் எதையும் விழுங்கிவிடும். அதன் முட்களிலும் நஞ்சு உண்டு.

இரண்டாவது, வளர்ந்தபின் எவ்வளவு இருக்கும் என்று பார். நீமோ படத்தில் வரும் நீல மீன் கடையில் விரல் நீளமே இருக்கும். வளர்ந்தால் 30 சென்டிமீட்டர் வரை போகும். நம் தொட்டியில் அது திரும்பவும் சிரமப்படும்.

மூன்றாவது, உணவைப் பார். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல, பவள உயிரிகளைக் கொத்தித் தின்று வாழ்பவை. மேண்டரின் என்னும் கோலம் போட்ட மீன் பாறையில் ஊரும் நுண்ணுயிர்களையே தேடித் தின்னும். புதுத் தொட்டியில் அவை போதிய அளவு இரா. இரை தூவியிருக்கும்போதே அந்த மீன் பட்டினியால் சாகும். கொடுக்கிறோம் என்பது வேறு, அதற்கு வேண்டியதைக் கொடுக்கிறோம் என்பது வேறு.

நான்காவது, அஞ்சினால் என்ன செய்யும் என்று பார். பெட்டி மீன் மிரண்டால் தோலிலிருந்து நஞ்சை உமிழும். மூடிய தொட்டியில் மற்ற மீன்கள் மடியும், அதுவும் மடியலாம்.

ஐந்தாவது, சாந்தமானவரை முதலிலும் சண்டைக்காரரைக் கடைசியிலும் விடு. நான் செய்தது இதற்கு நேர்மாறு.

ஆறாவது, அழகான சோடி என்று கேள்விப்பட்டதையெல்லாம் சேர்க்காதே. கோமாளி மீனுக்கும் கடல் சாமந்திக்கும் உள்ள நட்பு பாடப்புத்தகத்திலேயே உண்டு. ஆனால் சாமந்திக்கு வலுவான ஒளி வேண்டும். அது இடம் பிடிக்காவிட்டால் நகர்ந்து போய்ப் பம்பில் சிக்கும். கோமாளி மீன் சாமந்தி இல்லாமலும் தொட்டியில் நலமாக வாழும். ஆகையால் நாங்கள் வைக்கவில்லை.

தனித்திருந்த கோமாளிக்கு டிசம்பரில் ஒரு துணை வாங்கினோம். இதிலும் ஒரு விந்தை. கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே வாழ்வைத் தொடங்குகின்றன. இரண்டில் பெரியதும் வலியதும் பிறகு பெண்ணாகிவிடும். அதனால் அளவில் சிறியதையே தேர்ந்தோம். கடலில் பிடித்ததை வாங்காமல், பண்ணையில் குஞ்சு பொரித்ததைக் கேட்டு வாங்கினோம். மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் கோமாளி மீன்களை இனப்பெருக்கம் செய்ய வைத்திருக்கிறார்கள். தொட்டியிலேயே பிறந்த மீனால் கடலுக்கு இழப்பில்லை.

துறவி நண்டுகள் நான்கு இருக்கின்றன. அவற்றுக்குக் காலி நத்தை ஓடுகளைப் பெரிதும் சிறிதுமாகப் போட்டு வைத்திருக்கிறோம். வளர வளர வீடு மாற்ற ஓடு கிடைக்காவிட்டால், நத்தையைக் கொன்று அதன் ஓட்டைப் பறிக்குமாம்.

நான் ஒருநாள் வளர்க்க விரும்புவது கோபி மீனும் சொடுக்கு இறாலும். இறாலுக்குக் கண்பார்வை மிகக் குறைவு. ஆனால் மணலில் வளை தோண்டுவதில் வல்லது. கோபிக்குத் தோண்ட வராது, பார்வை கூர்மை. இறால் தோண்ட, கோபி வாசலில் காவல் நிற்கும். இறாலின் மீசை கோபியின் வாலைத் தொட்டபடியே இருக்கும். ஆபத்து வந்தால் கோபி வாலை அசைக்கும். இருவரும் ஒரே வளைக்குள் மறைவார்கள். இருவர் ஓர் அறையில் வாழ்வது இப்படித்தான் என்று யாரோ அவற்றுக்குச் சொல்லிக் கொடுத்தாற்போல் இருக்கிறது. படைத்தவரே சொல்லிக் கொடுத்திருப்பார்.

பாறைகளை மாற்றி அடுக்கிய மறுவாரம் எங்கள் அறையையும் மாற்றி அடுக்கினோம். கட்டில்களை எதிரெதிர்ச் சுவரில் போட்டோம். மேசையைச் சன்னலுக்குக் கீழே நடுவில் இழுத்தோம். ஒரு பக்கம் அவள், மறுபக்கம் நான். பழைய மூலை யாருக்கும் இல்லை. அன்றிரவு விளக்கணைத்த பிறகு, “அன்று நான் சொன்னதை மன்னித்துவிடு” என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “அப்பா இருந்திருந்தால் இந்தத் தொட்டியைப் பார்த்து மகிழ்ந்திருப்பார்” என்றாள். இந்த வீட்டுக்கு வந்தபின் தன் தந்தையைப் பற்றி என்னிடம் அவள் பேசியது அதுவே முதல் தடவை. நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

நம் தமிழாசிரியை இலக்கண வகுப்பில் ‘நாங்கள்’ என்பதற்கும் ‘நாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினார்கள். கேட்பவரைத் தள்ளி நிறுத்துவது ‘நாங்கள்’. கேட்பவரையும் உள்ளே சேர்த்துக்கொள்வது ‘நாம்’. அதற்கு உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று பெயர். வகுப்பில் எல்லாரும் எழுதிக்கொண்டிருக்க, நான் மட்டும் அடுத்த பெஞ்சில் இருந்த அத்தை மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அன்று நான் சொன்னது ‘எங்கள் வீட்டுத் தொட்டி’.

பொதுத்தேர்வு நெருங்குகிறது. இரவில் மேசையின் இரு பக்கமும் அமர்ந்து படிக்கிறோம். கூடத்திலிருந்து பம்பின் மெல்லிய ஓசை கேட்கும். மின்சாரம் நின்று ஓசை அடங்கினால், பேட்டரி பம்பை எடுக்க யார் முதலில் ஓடுவது என்பதில் மட்டும் இன்னும் போட்டி உண்டு. வருகிறவர்கள், “யாருடைய தொட்டி இது?” என்று கேட்டால் எங்களுடையது என்று இருவரும் சேர்ந்தே சொல்கிறோம். எங்களுக்குள் பேசிக்கொள்ளும்போதோ, அது நம் வீட்டுக் கடல்.